ஹாங்காங்கில் ஒரு பட்டாம்பூச்சிப் பகல்

ஹாங்காங்கில் நான்கைந்து நாள் தங்குகிற நம்மவர்கள் டிஸ்னிலேண்டையும் விக்டோரியா மலையுச்சியையும் விடமாட்டார்கள். மிச்ச நேரத்தைக் கடைத்தெரு தின்றுவிடும். அதிலிருந்து ஒரு பகலை மட்டும் எடுத்து இந்த அத்தியாயத்துக்குக் கொடுங்கள். பெரிய செலவில்லை. காலையில் ரயிலேறி, ஒரு பள்ளத்தாக்கில் முற்பகலும் ஒரு கடலோரத்தில் பிற்பகலும் கழித்துவிட்டு, இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்பிவிடலாம்.

சுமார் 1,100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த ஊரில் இதுவரை 240க்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்கள் பதிவாகியுள்ளன. பிரிட்டன் முழுவதையும் சல்லடை போட்டாலும் அறுபதைத் தாண்டாது. நிலப்பரப்பில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு கன்ட்ரி பார்க் என்ற பெயரில் காடாகவே பாதுகாக்கப்படுவது ஒரு காரணம். ஊர் அமைந்திருக்கும் இடம் இன்னொன்று. ஹாங்காங் கடக ரேகைக்குச் சற்றுத் தெற்கே, 22 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. வரைபடத்தில் வெப்பமண்டலம், ஆனால் தட்பவெப்பம் அப்படியில்லை. குளிர்காலத்தில் வடக்கே சீனப் பெருநிலத்திலிருந்து வறண்ட குளிர்காற்று இறங்கி, ஜனவரியில் சராசரி வெப்பத்தை 16 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும். கோடையில் தென்சீனக் கடலின் ஈரக்காற்றில் 33 டிகிரியிலும் வியர்வை காயாது. வடக்கு இனங்களுக்கும் தெற்கு இனங்களுக்கும் இங்கே இடம் கிடைப்பது இதனால்தான்.

தமிழ் வாசகருக்கு இங்கே தனி வசதி ஒன்று உண்டு. பார்க்கிற பூச்சிகளில் கணிசமானவை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் முட்டையிடும் கறிவேப்பிலை அழகி இங்கும் உண்டு. எலுமிச்சை அழகி உண்டு. வெண்புள்ளிக் கருப்பனும் உண்டு. கரும்பச்சைச் சிறகில் நீலத் திட்டு மின்னும் பாரிஸ் பீக்காக் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பறக்கிறது. அங்குள்ள துணையினத்துக்கு அறிவியல் பெயரிலேயே ‘தமிழானா’ என்ற ஒட்டு இருக்கிறது. ஆகவே, ஒன்றும் தெரியாத ஊருக்குப் போகிறோம் என்ற தயக்கம் வேண்டாம்.

எப்போது போவது

செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை. யோசிக்காமல் இதைத் தேர்ந்தெடுங்கள். வடகிழக்குக் காற்று தொடங்கி மழை ஓய்ந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், வெப்பம் 25 டிகிரியை ஒட்டியிருக்கும். கோடை முழுக்கப் பெருகிய பூச்சிகளும் குறையாமல் இருக்கும். அடுத்த நிலையில் ஏப்ரலும் மே முதல் பாதியும். அப்போது சிறகு கிழியாத புதிய பூச்சிகள் கிடைக்கும், ஆனால் மூடுபனியும் தூறலும் சேர்ந்தே வரும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பூச்சிகளுக்குக் குறைவில்லை, நமக்குத்தான் கஷ்டம். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு வேறு வழியிருக்காது. அவர்கள் காலை எட்டு மணிக்குப் பள்ளத்தாக்கில் நின்று, பதினொன்றரைக்கு வெளியே வந்துவிட வேண்டும். கிளம்புமுன் ஹாங்காங் வானிலை நிலையத்தின் செயலியைத் திறந்து பாருங்கள். புயல் எச்சரிக்கை 1 என்றால் கவனத்தோடு போகலாம், 3 என்றால் வெளியூர் வேலை வேண்டாம். 8 ஏற்றிவிட்டால் கடைகளும் அலுவலகங்களும் மூடி, பஸ்களும் படிப்படியாக நின்றுவிடும். மழைக்குத் தனியாக மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று மூன்று எச்சரிக்கைகள் உண்டு. மஞ்சள் வந்ததுமே ஓடைப் பக்கம் போவதை விட்டுவிடுங்கள். மலை ஓடையில் வெள்ளம் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

பையில் என்ன

முழுக்கை சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய காலணி. அரைக்கால் சட்டையோடு வருகிறவர்களைக் கொசு ஒரு கை பார்த்துவிடும். கொசு மருந்தைக் காலுக்கும் கழுத்துக்கும் தடவுங்கள். விரல் நுனியில் பட்டால் அது கேமரா ரப்பரைக் கெடுக்கும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நிறத்தைவிட அசைவுதான் பூச்சியை விரட்டுகிறது என்பது என் அனுபவம். பளிச்சென்ற வெள்ளையை மட்டும் தவிர்த்தால் போதும். பக்கத்துப் பூச்சியைப் பார்க்க, சுமார் இரண்டு மீட்டரிலேயே ஃபோகஸ் ஆகும் சின்ன பைனாகுலர் இருந்தால் நல்லது. பறவை பார்க்கிற பெரிய கருவி இங்கே பயன்படாது.

பாம்பு பற்றிக் கேட்பீர்கள். இங்குள்ள மூங்கில் குழிவிரியன் இலைப் பச்சை நிறம், நஞ்சுள்ளது, செடியோடு செடியாகச் சுருண்டு கிடக்கும். இருட்டும் நேரத்தில்தான் சுறுசுறுப்பு அதிகம். கிளையை விலக்குமுன் கண்ணால் பார்த்துவிட்டுக் கையை நீட்டுங்கள். அது போதும், பயம் தேவையில்லை.

ஃபுங் யூன் போகும் வழி

நகரத்திலிருந்து கிழக்கு ரயில் பாதையில் தாய் போ மார்க்கெட் நிலையம். கவுலூன் டாங்கில் ஏறினால் இருபது நிமிடம்தான். நிலையத்துக்கு வெளியே ஃபுங் யூனுக்கு மினிபஸ் கிடைக்கும், டாக்சியும் பக்கம்தான். ஆக்டோபஸ் அட்டை ஒன்று வாங்கிவிட்டால் ரயில், பஸ், மினிபஸ், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். ஃபுங் யூன் பட்டாம்பூச்சிக் காப்பகம் திறக்கும் நாள், நேரம், நுழைவுக் கட்டணம் ஆகியவற்றை முந்தின இரவே அவர்களின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் விடுமுறை நாளும் உண்டு.

ஃபுங் யூன் டோலோ துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள ஒரு பள்ளத்தாக்கு. பழைய கிராமம், கைவிட்ட வயல்கள், ஓடை, கிராமத்துக்குப் பின்புறம் காவல்காடாக விட்டுவைத்த மரக்கூட்டம், அதையொட்டி எழுந்து நிற்கும் அடுக்குமாடிகள். 1980இலேயே இதை அறிவியல் முக்கியத்துவமுள்ள இடமாக அறிவித்துவிட்டார்கள். பரப்பு சுமார் 42 ஹெக்டேர். ஆனால் நிலத்தில் பெரும்பகுதி கிராமத்தாருக்குச் சொந்தம். அறிவிப்புப் பலகை மட்டும் பூச்சியைக் காப்பாற்றாது என்பதால், 2005 முதல் தாய் போ சுற்றுச்சூழல் சங்கம் நில உடைமையாளர்களோடு ஒப்பந்தம் போட்டு, அரசு நிதியில் இதைப் பட்டாம்பூச்சிக் காப்பகமாகப் பராமரித்து வருகிறது. இதுவரை இங்கே பார்த்த இனங்கள் 200க்கும் மேல். ஊரின் மொத்த இனங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே பள்ளத்தாக்கில் தலைகாட்டியிருக்கின்றன.

பூச்சியைத் தேடாதீர்கள்

முதல்முறை வருகிறவர்கள் எல்லாரும் செய்வது ஒன்றுதான். ஏதோ பறப்பதைப் பார்த்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார்கள். அது உட்காராது. அதற்குள் வேறொன்று பறக்கும், அதன் பின்னால் ஓட்டம். பதினொரு மணிக்கு வியர்த்து விறுவிறுத்து, மங்கலான நாற்பது படங்களோடு நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: செடியைக் கண்டுபிடியுங்கள், பிறகு நில்லுங்கள். பூச்சி உங்களைத் தேடி வரும்.

செடிகள் இரண்டு வகை. ஒன்று தேனுக்கு, மற்றது பிள்ளைக்கு.

தேன்செடிகளில் முதலாவது உண்ணிச்செடி. நம் ஊரில் காட்டைக் கெடுத்த களை என்று திட்டுகிறோமே, அதேதான், இங்கும் வந்தேறிதான். எல்லாப் பூச்சியும் அதற்கு வரும். அடுத்தது பாதையோரம் முழுக்க வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகப் பூத்திருக்கும் ஒரு களை. அதன் கறுப்பு ஊசி விதைகள் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு விடுதி வரை வரும். சின்னப் பூச்சிகள், வரியன்கள், வெள்ளையன்கள் எல்லாம் இதில். மூன்றாவது இட்லிப்பூ. பூக்குழல் நீளமானதால், நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அழகிகளுக்கே அதில் தேன் எட்டும். காலை ஒன்பது மணிக்கு வெயில் விழும் இட்லிப்பூப் புதர் ஒன்றைக் கண்டால் அங்கேயே இடம்பிடித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைச்செடிதான் சுவாரசியம். ஒவ்வொரு இனமும் குறிப்பிட்ட சில செடிகளில்தான் முட்டையிடும். பெண் பூச்சி ஒன்று பூவைச் சட்டை செய்யாமல், இலை இலையாகத் தொட்டுத் தொட்டு எழும்பினால், அது செடி தேடுகிறது என்று பொருள். கறிவேப்பிலை அழகியை எலுமிச்சைக் குடும்பச் செடியருகே நின்று கவனியுங்கள். இலைமேல் இறங்கியதும் முன்னங்கால்களால் அதைப் படபடவென்று தட்டும். பூச்சிக்குச் சுவை தெரிவது காலில். சரியான செடிதானா என்று அது ருசி பார்க்கிறது. தவறென்றால் அடுத்த நொடியே எழுந்துவிடும். சரியென்றால் சிறகு படபடத்தபடியே வயிற்றை வளைத்து, இளந்தளிரின் ஓரத்தில் ஒரே ஒரு முட்டை, கடுகைவிடச் சிறியது, வெளிர்மஞ்சள். அடுத்தது வேறு இலையில். இந்த வேலையில் இருக்கும் பெண் உங்களைக் கண்டுகொள்ளாது. ஒரு மீட்டர் வரை நெருங்கலாம். அதே செடியில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதீர்கள், அது அந்தப் பூச்சியின் இளம்புழு.

ஃபுங் யூனின் பெருமை ஈசுவரமூலிக் குடும்பத்துக் கொடி. இதில்தான் பறவைச்சிறகுப் பட்டாம்பூச்சிகள் முட்டையிடுகின்றன. கரும் முன்சிறகு, பொன்மஞ்சள் பின்சிறகு, விரித்தால் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். நம் தென்னிந்தியப் பொன்னழகியின் நேர் உறவு; அதன் புழுவும் இதே குடும்பக் கொடிகளைத்தான் தின்னும். கொடியிலுள்ள நஞ்சு புழுவின் உடம்பில் சேர்ந்து, வளர்ந்த பூச்சியிலும் தங்குகிறது. அதனால்தான் இவ்வளவு பெரிய பூச்சி இவ்வளவு சாவகாசமாகப் பறக்கிறது. காலையில் மரத்துக்கு மேலே வட்டமிடும், எட்டரை ஒன்பதுக்குப் பூவுக்கு இறங்கும். ஹாங்காங் சட்டத்தில் இது பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடித்தாலோ வேண்டுமென்றே தொல்லை கொடுத்தாலோ ஒரு லட்சம் ஹாங்காங் டாலர் வரை அபராதமும் ஓராண்டுச் சிறையும் விதிக்கலாம்.

கொடியைச் சுற்றி இன்னொரு நாடகமும் நடக்கும். ரோஜா அழகியும் இந்தக் கொடியைத் தின்று வளர்ந்த நச்சுப்பூச்சிதான். கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை, நஞ்சில்லாமலேயே ரோஜா அழகியின் வேடம் போட்டுப் பறவைகளை ஏமாற்றும். சிறகைப் பார்த்தால் நாமும் ஏமாறுவோம். உடம்பைப் பாருங்கள்: உடல் சிவப்பென்றால் அசல், கறுப்பென்றால் வேடதாரி. தமிழ்நாட்டில் இந்தப் பெண்களுக்கு இன்னொரு வேடமும் உண்டு, சிவப்புடல் அழகியைப் போல. ஹாங்காங்கில் சிவப்புடல் அழகி இல்லை. ஆகவே அந்த வேடமும் இல்லை.

கேமராவை எப்படி வைப்பது

பட்டாம்பூச்சிக்கு 90 அல்லது 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ்தான் வேண்டும் என்பது பாதி உண்மை. சின்ன நீலன்களுக்கு மேக்ரோ சரி. அழகிகளுக்கும் பறவைச்சிறகுக்கும், ஒரு மீட்டர் பக்கத்தில் ஃபோகஸ் ஆகும் 100–400 ஜூம் இருந்தால் மேக்ரோவைவிட நல்ல படங்கள் கிடைக்கும். தள்ளி நிற்பதால் பூச்சி கலையாது, பின்னணியும் தானாகக் கரையும். இரண்டையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஒன்றுதான் என்றால் என் வாக்கு ஜூமுக்கு.

அழகிகள் பூவில் தேன் குடிக்கும்போது முழுமையாக உட்காருவதில்லை. கால் பூவில் இருக்க, முன்சிறகு அடித்துக்கொண்டே இருக்கும். 1/250இல் எடுத்தால் உடம்பு தெளிவாகவும் சிறகு புகையாகவும் வரும். 1/1000க்குக் கீழே இறங்காதீர்கள், 1/2000 கிடைத்தால் நிம்மதி. அதற்காக ஐஎஸ்ஓ 1600 ஆனாலும் பரவாயில்லை. இன்றைய கேமராக்களில் அந்தப் புள்ளிகளைச் சுத்தம் செய்துவிடலாம், அசைந்த சிறகைச் சரிசெய்ய முடியாது. உட்கார்ந்து சிறகு மூடிய பூச்சிக்கு 1/250 தாராளம்.

அபெர்ச்சர் எஃப் 8இல் தொடங்குங்கள். ஆனால் கிட்டே போகப் போகத் தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். எஃப் 16 வைத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. தீர்வு எண்ணில் இல்லை, நீங்கள் நிற்கும் கோணத்தில் இருக்கிறது. கேமராவின் முதுகும் பூச்சியின் சிறகும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கட்டும். சிறகு மூடியிருந்தால் பக்கவாட்டில் போய் அதன் உயரத்துக்குக் குனியுங்கள், விரித்திருந்தால் மேலிருந்து. ஃபோகஸ் எப்போதும் கண்ணில். சிறகு கொஞ்சம் மங்கினால் மன்னிக்கலாம், கண் மங்கிய படத்தை அழித்துவிடலாம்.

கண்ணைக் கண்டுபிடிப்பதிலேயே ஏமாற்றும் பூச்சி ஒன்று உண்டு. வெள்ளிக்கோடுகள் ஓடும் சில்வர்லைன் என்ற சின்னப் பூச்சிக்குப் பின்சிறகு முனையில் இரண்டிரண்டு மெல்லிய வால்களும் ஆரஞ்சுத் திட்டும் இருக்கும். உட்கார்ந்ததும் அந்த வால்களை மேலும் கீழும் ஆட்டும். அசல் உணர்கொம்பு போலவே இருக்கும். பறவை அந்தப் பொய்த்தலையைக் கொத்தும், பூச்சி ஒரு துண்டுச் சிறகை இழந்து தப்பிவிடும். கேமராவின் தானியங்கி ஃபோகஸும் பறவையைப் போலவே அங்கேதான் போய் நிற்கும். புள்ளியைக் கையால் நகர்த்தி மறுமுனைக்குக் கொண்டுபோங்கள்.

நெருங்கும் முறையிலும் கொஞ்சம் பொறுமை வேண்டும். பூச்சி உட்கார்ந்தவுடன் போகாதீர்கள். குழலை நீட்டிக் குடிக்கத் தொடங்கட்டும். பிறகு ஓரடி, நிறுத்தம், ஓரடி. உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. விழுந்த கணமே பறந்துவிடும். முதல் படத்தைத் தூரத்திலிருந்தே எடுத்துவிடுங்கள், பிறகு நெருங்குங்கள். பறந்துபோனாலும் அடையாளம் காணவாவது ஒரு படம் கையில் இருக்கும்.

செல்போன் மட்டும் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். தரையில் புளியாரை படர்ந்த இடத்தில், காலை எட்டரைக்குப் புல் நீலன்கள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். உடம்பு சூடேறும் வரை அவற்றால் சரியாகப் பறக்க முடியாது. போனின் இரண்டு அல்லது மூன்று மடங்கு லென்ஸை வைத்து, முழங்கால் ஊன்றி எடுங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் போனும் மேக்ரோவும் ஒன்றுதான்.

ஓடையோரம்

பத்தரை மணிக்கு வெயில் ஏறியதும் பூவை விட்டு ஓடைக்கு நகருங்கள். ஈரமணலில் பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சும். அநேகமாக எல்லாம் ஆண்கள். தாகத்துக்காக அல்ல, மண்ணிலுள்ள உப்புக்காக. சேர்த்த சோடியத்தை ஆண் கலவியின்போது பெண்ணுக்குக் கொடுத்துவிடும், அது முட்டைக்குப் போகும்.

கறுப்பில் நீலப்பச்சைப் பட்டை போட்ட புளூபாட்டில் இங்கே முதலில் கண்ணில் படும். இதன் புழு கற்பூர மர இலை தின்பதால், நகரத்தின் நடுவே நடைபாதை மரங்களிலும் பார்க்கலாம். ஆனால் உண்மையில் தேட வேண்டியது டிராகன்டெயில். அழகிகள் குடும்பத்திலேயே மிகச் சிறியது இதுதான். உடம்பைவிட நீண்ட வெள்ளை முனை வால், பாதிச் சிறகு கண்ணாடி. பறக்கும்போது தும்பி என்று நினைத்து விட்டுவிடுவீர்கள். மணலில் நின்று உறிஞ்சும்போது சிறகு ஓயாமல் நடுங்கும். பத்து நொடி உற்றுப் பாருங்கள்: முன்னால் குழல் வழியே நீர் ஏறும், பின்னால் வயிற்று நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் பீய்ச்சும். உப்பை மட்டும் வடிகட்டிக்கொண்டு நீரைத் தள்ளிவிடுகிறது. அந்தத் துளி தெறிக்கும் கணத்தைப் படமாக்க 1/1600, எதிர்வெயில், தொடர் படப்பிடிப்பு. மணல்மட்டத்துக்குக் கேமராவைத் தாழ்த்தினால்தான் துளி பளிச்சென்று தெரியும்; சட்டை அழுக்காகும், ஆகட்டும்.

நண்பகலும் கடலோரமும்

பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை பூச்சிகள் இலையடியில் ஒதுங்கிவிடும். மேலிருந்து விழும் வெயிலும் படத்துக்கு உதவாது. தாய் போ சந்தைப் பக்கம் திரும்பிச் சாப்பிடுங்கள். சைவக்காரர்களுக்கு அங்கே நூடுல்ஸ் கடையில் தகராறு நிச்சயம். ‘காய்கறி’ என்று சொன்னாலும் குழம்பில் எலும்புச்சாறு இருக்கும். முந்தின நாளே சிம் ஷா சுய் பகுதியின் சுங்கிங் மேன்ஷன்ஸில் உள்ள இந்தியக் கடைகளில் சப்பாத்தி வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சாப்பாட்டுக்குப் பிறகு தாய் போ மார்க்கெட் நிலையத்தில் 75கே பஸ். தாய் மெய் டுக் போகிற வழியில் டிங் கோக் வரும். வடக்கே பாட் சின் லெங் மலைத்தொடர், தெற்கே டோலோ துறைமுகம், இரண்டுக்கும் இடையே அலையாத்திக் காடு. இங்கே எண்ணிக்கை குறைவு. ஃபுங் யூனில் பார்த்ததில் கால்பங்கு கிடைத்தாலே அதிகம். ஆனால் கடற்கரைச் செடிகள் நமக்குப் பழக்கமானவை. மணலில் படர்ந்த அடும்புக்கொடி, அலையாத்திக்குப் பின்னால் சங்கங்குப்பி, வறண்ட ஓரங்களில் தேள்கொடுக்கும் கிலுகிலுப்பையும்.

இந்தக் கடைசி இரண்டையும் தேடுங்கள், அதுவும் வாடிப்போனதாக. பூவே இல்லாத காய்ந்த கிளையில் வரியன்களும் கருப்பன்களும் மொய்த்துக்கொண்டு கீறி உறிஞ்சுவதைக் காண்பீர்கள். இந்தச் செடிகளிலுள்ள கசப்பான காரப்பொருளை ஆண்கள் எடுத்து, பெண்ணைக் கவரும் மணத்தைத் தயாரிக்கின்றன. உடம்புக்கு நஞ்சுக் காவலும் கிடைக்கிறது. அதில் ஆழ்ந்துவிட்டால் கையெட்டும் தூரத்திலும் அசையாது. பிற்பகல் வெளிச்சம் கடல் பக்கமிருந்து வரும் என்பதால், கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் சிறகின் நீலப் பளபளப்பு விழும். ஆறு மணியை ஒட்டி, அக்டோபரில், வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். அதற்கு முன் பஸ் பிடியுங்கள்.

படங்களை என்ன செய்வது

பெயர் தெரியாத ஒவ்வொன்றுக்கும் சிறகின் மேல்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று என இரண்டு படம் எடுத்துவைக்கப் பாருங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் அடிப்புறம். பெரும்பாலான சின்னப் பூச்சிகளை அதை வைத்தே பிரிக்கிறார்கள். இரவே ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள். உள்ளூர் ஆர்வலர்கள் சிலமணி நேரத்திலேயே பெயர் சொல்லிவிடுவது உண்டு. பறவைச்சிறகின் முட்டையோ புழுவோ படத்தில் இருந்தால் சரியான இடத்தை மறைத்து ஏற்றுங்கள்.

செய்யக்கூடாதவை அதிகமில்லை. பூச்சியை விரலில் ஏற்றிப் படமெடுப்பது, குளிர்பெட்டியில் வைத்து மயக்கி எடுப்பது, புழுவை நல்ல பின்னணிக்கு மாற்றி வைப்பது. மூன்றையும் செய்பவர்களின் படங்கள் போட்டிகளில் பரிசு வாங்குவதும் உண்டு. அதனால் அது சரியாகிவிடாது.

குளிர்காலத்தில் வந்தால்

டிசம்பர், ஜனவரியில் ஃபுங் யூனில் கூட்டம் குறைந்துவிடும். சிவப்படிச் சிறகுள்ள ஜெசபெல் போன்ற சில இனங்கள் மட்டும் கிடைக்கும். அப்போது போக வேண்டிய இடம் மேற்குக் கடற்கரையில் உள்ள சியூ லாங் ஷுய். டுவென் முன் நிலையத்திலிருந்து லுங் க்வூ டான் செல்லும் கே52 பஸ். 1983இல் மூடப்பட்ட குப்பைமேடு அது. மேலே மண் போட்டு மரம் நட்டார்கள். காற்று படாத அந்தப் பள்ளத்தில் கருப்பன்களும் வரியன்களும் குளிர்காலத்தைக் கழிக்க வந்து தங்கின. நல்ல ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் தங்கும், சில ஆண்டுகளில் மிகச் சொற்பம். கிளம்புமுன் அந்த ஆண்டு நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் கிளைகளில் சிறகு மூடித் தொங்கும். ஒன்பதரை பத்துக்கு வெயில் பட்டதும் ஒவ்வொன்றாகச் சிறகு விரிக்கும், சிறிது நேரத்தில் வானமே கறுப்பும் நீலமுமாகிவிடும். அந்தக் காட்சிக்குக் காத்திருக்க முடியாமல் மரத்தை உலுக்குகிறவர்களும் கைதட்டுகிறவர்களும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறார்கள். குளிரில் இந்தப் பூச்சிகளுக்குத் தேன் அதிகம் கிடைக்காது; இலையுதிர்காலத்தில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் வசந்தம் வரை உயிரோடிருக்க வேண்டும். வீணாகப் பறக்கவைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பு கரைகிறது. பாதையை விட்டு இறங்காதீர்கள், மரத்தைத் தொடாதீர்கள். யாராவது உலுக்கினால், மொழி தெரியாவிட்டாலும் கைகாட்டித் தடுத்துவிடுங்கள்.